பத்துக்கு எத்தனை

எங்கள் வீடு ஐந்தாம் மாடி, பசுண்டாங் பக்கம்.
பால்கனியிலிருந்து தெருவரை ஒரு நைலான் கயிறு,
நுனியில் கிளிப், கிளிப்புக்கு மேல் பித்தளை மணி.
ரொட்டிக்காரர் இழுப்பார், கரண்ட் பில் கொண்டுவருபவர் இழுப்பார்,
படியேற முழங்கால் இல்லாத எல்லாரும் இழுப்பார்கள்.

அண்ணன் எல்லை தாண்டி ஏழு மாதம்.
கேட்டால் மலேசியாவில் வேலை என்று சொல்ல வேண்டும்.
சொல்லிச் சொல்லி
ஒரு நாள் கனவில் அவன் பினாங்கில் தோசை சுட்டான்,
எனக்கு ஒன்றும் போடவில்லை.

அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.
விளக்கணைத்தால் நெஞ்சுக்குள் யாரோ படியேறுகிறார்கள்.
ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்,
எங்கள் மாடி மட்டும் வருவதில்லை.

ராத்திரி ஒரு மணிக்கு மின்சாரம் வரும்.
தெருவே எழும்பும்:
மோட்டார் போட, சீருடை தேய்க்க, சோறு வைக்க.
அந்த ஒரு மணி நேரம்
நான் விழித்திருப்பது யார் கண்ணிலும் படாது.
வாளிகளோடு ஒரு வாளியாக நிற்பேன்.

பள்ளியில் என் பெயர் தீரி. வீட்டில் கோமளவல்லி.
பள்ளி வாசலில் பர்மியில் கேட்பார்கள், சோறு தின்றாயா.
வீட்டில் தமிழில், சாப்டியா.
இரண்டு மொழியும் வயிற்றைத்தான் விசாரிக்கின்றன.

இங்கே ஒரு சொல் உண்டு: ஆநாடே.
அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுவது.
ஆ என்றால் பலம், நா என்றால் நோவு.
தமிழில் நா என்றால் நாக்கு.
எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது.
அம்மாவிடம் ஏற்கனவே
வாடகை, அண்ணன், மாவரைக்கும் மெஷின் பெல்ட்.
என்னையும் எங்கே வைப்பாள்?

எதிர்ப்பக்க டீக்கடை சூ வாய் என் வகுப்புதான்.
ஒரு நாள் இருட்டில் மணி அடித்தது. இழுத்தேன்.
கணக்கு நோட்டுத் தாள், அதில் ஒரே வரி:
பத்துக்கு எத்தனை?
எதற்கு என்று அவள் எழுதவில்லை.
புரியாத மாதிரி ஒரு நாள் சும்மா இருந்தேன்.
மறுநாள் எழுதி இறக்கினேன்: மூன்று.

கீழேயிருந்து
அறிவுரை வரவில்லை. மாத்திரை பெயர் வரவில்லை.
புளி மிட்டாய் இரண்டு வந்தன,
கூடவே, எனக்கு ஐந்து, அப்பா கடையில் கத்தினார் என்று.

அப்படியே போனது.
நாலு. மூன்று. ஆறு (அன்று மழை, பள்ளி இல்லை).
ஒரு ராத்திரி ஒன்று என்று எழுதி இறக்கினேன்.
மணி அடிக்கவில்லை.
கதவு தட்டும் சத்தம்.
லிஃப்ட் இல்லாத கட்டடம், கரண்டும் இல்லை,
ஐந்து மாடியும் இருட்டிலேயே ஏறி வந்திருக்கிறாள்.
மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில்
என்னுடையதை மறந்துபோனேன், கொஞ்ச நேரம்.
போகும்போது சொன்னாள்:
இதை ஒரு பெரியவரிடமும் சொல்லணும், என்னால் தினமும் ஏற முடியாது.
கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

நான் சொல்வதற்குள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.
தலையணை உறைக்குள் தாள்கள், எல்லாவற்றிலும் எண்கள்.
"டூடி கட்டறியா? இந்த வயசிலேயே சூதாட்டமா?"
எனக்குச் சிரிப்பு வந்தது,
சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகி
தரையில் உட்கார்ந்து அழுதேன்.
லாட்டரி இல்லம்மா.
நான் எப்படி இருக்கேன்னு எழுதினது.

அம்மா தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்,
சில்லறை எண்ணுவது போல.
அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:
"இது பத்துக்கா, நூறுக்கா?"

பத்துக்கு.

அப்போது கரண்ட் வந்தது.
எல்லா மாடியிலும் மோட்டார்கள் இரைந்தன.
அம்மா எழுந்து போய் எங்களுடையதையும் போட்டாள்.
சுவிட்சில் கை வைத்தபடி,
முகத்தைத் திருப்பாமல்
ஒரு எண் சொன்னாள்.
அவளுடைய எண்.

சத்தத்தில் கேட்கவில்லை.
வாளி நிரம்பி வழிந்தது, பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பக்கத்தில் போய்
திரும்பவும் கேட்டேன்.